வழிமுறையோடு எழுதிய விடை

சிகாகோவில், 2018 வரை ஜான் ஹான்காக் சென்டர் என்று பெயர் கொண்டிருந்த நூறு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. உயரம் 344 மீட்டர். அதை ரசிக்க நினைப்பவர் உச்சியை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். கீழிருந்து மேலே, ஒன்றன் தலையில் ஒன்றாக, பிரம்மாண்டமான பெருக்கல் குறிகள் ஏறிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு குறியும் ஏறத்தாழ பதினெட்டு மாடி உயரம். கறுப்பு அலுமினியத் தகடு போர்த்திய எஃகுச் சட்டங்கள் அவை. அழகுக்காக ஒட்டிய கோலம் என்று யாராவது நினைத்தால் அது தவறு. மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்றை எதிர்த்து அந்தக் கட்டடத்தை நிறுத்தி வைத்திருப்பவையே அவைதான். மற்றவர்கள் எலும்பைச் சதையால் மூடுவார்கள். இங்கே எலும்பே முகமாகியிருக்கிறது.

இதை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாம். மற்றவர் கட்டமைப்புப் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான்: டாக்காவில் பிறந்த வங்காளி, கணக்கு வாத்தியார் மகன். அவரைப் பற்றிச் சொல்லும்போது பலரும் உலகின் உயரமான கட்டடங்களில் தொடங்குவார்கள். நான் கணக்கு வாத்தியாரில் தொடங்குவேன். விடையை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போகிற மாணவனை எந்தக் கணக்கு வாத்தியாரும் விடமாட்டார். எப்படி வந்தது என்று வரிவரியாகப் போட்டுக் காட்டு என்பார். கானின் கட்டடங்களைக் கூர்ந்து பார்க்கப் பார்க்க, அந்த வீட்டுப் பழக்கம் கான்கிரீட்டிலும் எஃகிலும் தொடர்ந்ததாகவே எனக்குப் படுகிறது.

கான் பிறந்தது 1929 ஏப்ரல் 3. தந்தை அப்துர் ரஹ்மான் கான் கணிதம் கற்பித்தவர், பாடப்புத்தகங்கள் எழுதியவர். வங்கத்தின் கல்வித் துறையில் உயர் பொறுப்புவரை சென்று, ஓய்வுக்குப் பிறகு டாக்காவின் ஜகந்நாத் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். மகன் ஆர்மனிடோலா அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பள்ளி முடிந்ததும் இயற்பியலா பொறியியலா என்று மனம் ஊசலாடியபோது பொறியியல் பக்கம் கைகாட்டியவர் அப்பாதான். கல்கத்தாவை அடுத்த சிப்பூர் பொறியியல் கல்லூரிக்குப் போனார். படிப்பின் இறுதிக் கட்டத்தில் 1950-ன் வகுப்புக் கலவரம் வந்தது. டாக்காவுக்குத் திரும்பி அங்கே அஹ்சானுல்லா பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிரிவினை எத்தனையோ பிள்ளைகளின் படிப்பை நடுவழியில் அறுத்துப் போட்ட காலம் அது. இந்தப் பிள்ளையின் படிப்பு அறுபடாமல் தப்பியது.

1952-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்கா போனார். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகம். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்கள், மூன்றாவதாக முனைவர் பட்டம். ஒரு முதுகலை கட்டமைப்புப் பொறியியலில், மற்றது கோட்பாட்டு, பயன்பாட்டு இயந்திரவியலில். இரண்டாவதைச் சும்மா தாண்டிப் போய்விடக் கூடாது. கட்டடம் கட்ட அது கட்டாயமில்லை. ஒரு பொருள் வளையும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்று அடிவேர்வரை தெரிந்துகொள்ள விரும்புகிறவர்தான் அதைத் தேடிப் படிப்பார். பிற்காலத்தில் கான் செய்த எல்லாவற்றிலும் இந்த இரண்டாவது படிப்பின் வாசனை இருக்கிறது.

1955-ல் சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓயிங்ஸ் அண்ட் மெரில் என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். 1957-ல் ஊர் திரும்பினார். அன்றைக்குக் கிழக்கு வங்காளம் பாகிஸ்தானின் பகுதி. கராச்சியில் அரசு வளர்ச்சி ஆணையத்தில் பொறியாளர் வேலை. 1960-ல் மறுபடி சிகாகோ. கப்பல் ஏறியவர் திரும்பிப் பார்க்கவில்லை என்ற கதை இவருக்குப் பொருந்தாது. போனார், வந்தார், மறுபடி போனார். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போவது, போன இடத்தில் முழு மனத்தோடு வேர்விடுவது என்று அவர் முடிவெடுத்தது அந்த இரண்டாவது பயணத்தில்தான் என்று நினைக்கிறேன். 1967-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

இனி அவர் செய்த காரியத்துக்கு வருவோம். உயரமான கட்டடத்துக்கு எடை பெரிய எதிரி இல்லை. மாடி கூடக்கூட எடையும் அதே அளவில் கூடும். தூணைக் கொஞ்சம் பெருக்கினால் தீர்ந்தது. காற்று அப்படியில்லை. உயரம் இரண்டு மடங்கானால், காற்று கட்டடத்தைச் சாய்க்கப் பார்க்கும் திருப்புவிசை அடித்தளத்தில் நான்கு மடங்காகிறது. கட்டடத்தின் விறைப்பைக் கூட்டாமல் விட்டால் உச்சியின் அசைவு பதினாறு மடங்காகிறது. மேலே போகப் போகக் காற்றின் வேகமும் கூடும் என்பதைச் சேர்க்காமலே இவ்வளவு. எடையைத் தாங்கத் தேவையான எஃகுக்கு மேல், காற்றுக்காக மட்டும் போட வேண்டிய எஃகை உயரத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் விலை என்று கான் கணக்கிட்டார். அந்தக் கூடுதல் விலையை எப்படிக் குறைப்பது என்பதே அவர் வாழ்நாள் கேள்வி.

அதுவரை தூண்களும் உத்தரங்களும் கட்டடத்தின் உள்ளே முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றன. கான் தூண்களை வெளிச்சுவருக்குத் தள்ளினார். நெருக்கமாக வரிசையில் நிறுத்தி, ஆழமான உத்தரங்களால் இறுகப் பிணைத்தார். நான்கு சுவரும் சேர்ந்து தரையில் ஊன்றிய ஒரே குழாயாக நின்று காற்றை எதிர்க்கும். மூங்கிலுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித் தரவில்லை: பலமெல்லாம் விளிம்பில், நடுவே வெற்றிடம். 1960-களின் நடுவில் சிகாகோவில் எழுந்த டிவிட்-செஸ்ட்நட் அடுக்ககம் இந்த முறையில் வந்த முதல் கட்டடம். 43 மாடி. வெளித்தூண்களுக்கு இடையே ஐந்தரை அடிதான். பார்ப்பதற்குப் பரபரப்பே இல்லாத சாதாரண அடுக்குமாடி. ஆனால் அதன் முகத்தில் தூணும் ஜன்னலும் மாறிமாறி வரும் அந்த அடக்கமான ஒழுங்குக்குள்ளேதான் அடுத்த ஐம்பது ஆண்டுகளின் வானுயர்ந்த நகரங்கள் கருக்கொண்டன.

ஹான்காக்குக்குத் திரும்புகிறேன். அதன் பிறப்பில் இருக்கும் நயம் எனக்கு மிகப் பிடித்தது. அந்தப் பெருக்கல் குறிகளின் ஒத்திகை நடந்தது வகுப்பறையில். நிறுவன வேலையோடு கூடவே கான் சிகாகோவின் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக் கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வந்தார். உடன் கற்பித்தவர் மைரன் கோல்ட்ஸ்மித். உருவம் பெருத்தால் அமைப்பும் மாறியாக வேண்டும் என்ற எண்ணத்தை கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் மாணவராக 1953-லேயே தன் ஆய்வேட்டில் எழுதியவர். இந்த இருவரின் கண்காணிப்பில் மிகியோ சசாகி என்ற ஜப்பானிய மாணவர் 1964-ல் முதுகலை ஆய்வேடு செய்தார். உயரமான அலுவலகக் கட்டடத்தின் வெளிமுகத்தில் பெரிய மூலைவிட்டச் சட்டங்களைப் போட்டால் என்ன ஆகும் என்பது அதன் பொருள். சில ஆண்டுகளில் அதே எண்ணம் மிச்சிகன் அவென்யூவில் நூறு மாடியாக எழுந்தது. ஒரு குருவிடம் தொடங்கி, மாணவன் கையில் வரைபடமாகி, மற்றொரு குருவின் கையில் எஃகாகியது. மாணவனின் ஆய்வேட்டில் இருக்கும் ஒரு கோட்டை மதித்து, அதை நகரத்தின் நடுவே நிறுத்திப் பார்க்கிற துணிச்சல் நல்ல ஆசிரியருக்குத்தான் வரும்.

அந்தச் சட்டங்கள் காற்றை மட்டும் தாங்கவில்லை. தூண்களைக் குறுக்கே கடக்கும் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு தூணின் பாரத்தைப் பக்கத்துத் தூண்களோடு பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஒருவர் தலையில் மட்டும் சுமை ஏறாது. இதன் பலன் எண்ணில் தெரிகிறது. 1931-ல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 206 கிலோ எஃகு. ஹான்காக்கில் 145 கிலோ. கட்டடம் மேலே போகப் போகக் குறுகுவதற்கும் காரணம் இருக்கிறது. கீழே கடைகள், வாகன நிறுத்தம், அலுவலகங்கள். அவற்றுக்கு அகலமான தளம் வேண்டும். மேலே குடியிருப்புகள், வீட்டின் எந்த அறையும் ஜன்னலுக்கு வெகுதொலைவில் இருக்கக் கூடாது, தளம் ஒடுங்கினால்தான் நல்லது. வாழ்கிறவர் தேவையும் காற்றின் கணக்கும் ஒரே சாய்கோட்டில் வந்து சேர்ந்திருக்கின்றன. இப்படி ஒரு பொருத்தம் கண்ணில் படும்போது கவிதையில் எதுகை தானாக விழுந்ததுபோல மனம் குதூகலிக்கிறது.

எஃகு குறைந்தால் கட்டடம் ஆடுமே, எண்பதாவது மாடியில் படுத்திருப்பவருக்குத் தலை சுற்றாதா? எவ்வளவு அசைந்தால் மனிதருக்குத் தெரியும் என்பதற்குக் கையேடுகளில் சரியான விடை கிடையாது. சிகாகோவின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் ஒரு சலவை இயந்திர நிறுவனம் காட்சிக்காகச் சுழலும் மேடை ஒன்றை வைத்திருந்தது. கான் அதைப் பார்த்தார். அந்த மேடையில் ஆட்களை நிற்க வைத்தும், உட்கார வைத்தும், படுக்க வைத்தும், எந்த அளவில் அசைவை உணர்கிறார்கள் என்று சோதித்தார். குழந்தைகளும் பெரியவர்களும் வேடிக்கை பார்க்கும் இடத்தில் உலகின் மிக உயர்ந்த குடியிருப்புக்கான விடை இருந்தது. சூத்திரங்களில் அவ்வளவு தேர்ந்தவர், கடைசிக் கேள்வியை மனித உடம்பிடம் கொண்டுபோய்க் கேட்டார் என்பதில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

ஹான்காக்குக்குப் பின் கான் வடிவமைத்த சியர்ஸ் டவர் 1973-74-ல் முடிந்தது. இன்றைய பெயர் வில்லிஸ் டவர். 110 மாடி, 442 மீட்டர். 1998 வரை உலகில் அதுவே மிக உயர்ந்த கட்டடம். எண்களை விடுங்கள். குழாய் முறையில் ஒரு குறை உண்டு: குழாய் மிகப் பெரிதானால் மூலைத் தூண்கள் உழைக்கும், சுவரின் நடுவே நிற்கும் தூண்கள் சோம்பிக் கிடக்கும். கான் ஒரே பெரிய குழாய்க்குப் பதிலாக ஒன்பது சதுரக் குழாய்களை மூன்றுக்கு மூன்றாக ஒட்டி வைத்தார். ஒவ்வொன்றும் 75 அடி. உள்ளே குறுக்கும் நெடுக்கும் போகும் தூண் வரிசைகள் நடுவில் நின்றவற்றையும் வேலைக்கு இழுத்துவிட்டன. பிறகு, ஐம்பதாவது மாடியில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு குழாய்கள் நின்றுவிடுகின்றன. அறுபத்தாறில் மற்ற இரண்டு மூலைகள். தொண்ணூறில் இன்னும் மூன்று. கடைசியில் இரண்டே இரண்டு உச்சிவரை போகின்றன. சிகாகோவின் வானத்தில் அந்தப் படிக்கட்டு உருவம் சிற்பி நினைத்துச் செதுக்கியதுபோல நிற்கிறது. ஆனால் எந்தக் குழாயை எங்கே நிறுத்துவது என்ற கணக்கை யார் வேண்டுமானாலும் தெருவில் நின்றே எண்ணிப் பார்க்கலாம்.

ஹூஸ்டனில் 1971-ல் முடிந்த ஒன் ஷெல் பிளாசாவை அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கோ அது மிக நுட்பமான வேலை. எடை குறைந்த கான்கிரீட்டால் கட்டிய ஐம்பது மாடி. சுவர் சமதளமாக இல்லாமல் சில இடங்களில் மெல்ல அலையடித்து வெளியே புடைக்கிறது. உள்ளிருந்து அதிகச் சுமை வந்து சேரும் இடங்கள் அவை. அங்கே தூண் தடித்திருக்கிறது. அந்தத் தடிப்பை உள்ளே ஒளித்து முகத்தை மட்டமாக்கியிருக்கலாம். அப்படியே வெளியே விட்டார். அதனால் வெயில் விழும்போது சுமை வரும் வழி சுவரில் நிழலாகத் தெரிகிறது.

வீட்டுக்குள் வருவோம். மனைவி லீசெலாட்டே, ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். 1960-ல் மகள் யாஸ்மின் பிறந்தார். வங்காளத் தந்தை, ஆஸ்திரியத் தாய், சிகாகோவில் வளரும் குழந்தை. அந்த வீட்டில் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையும் கேட்டது, ரவீந்திரநாத் தாகூரின் பாட்டும் கேட்டது. ரவீந்திரரின் பாடல்களைக் கான் தாமே விரும்பிப் பாடுவார். தொழில்நுட்பம் தெரிந்தவன் தன் தொழில்நுட்பத்துக்குள்ளேயே தொலைந்துபோகக் கூடாது, கலையும் நாடகமும் இசையும் எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்களும்தான் வாழ்க்கை என்ற பொருளில் அவர் சொன்னது பலருக்கும் தெரியும். மேடைக்காகச் சொன்ன பேச்சாக நான் அதை எடுத்துக்கொள்வதில்லை. தாய்மொழிப் பாட்டை வாய்விட்டுப் பாடிப் பழகியவரின் சொல் அது.

1971 விடுதலைப் போரில் கிழக்கு வங்காளம் ரத்தத்தில் நனைந்தபோது அவர் தொழிலின் உச்சியில் இருந்தார். சியர்ஸ் டவர் எழுந்துகொண்டிருந்த நேரம். சிகாகோவில் இருந்த வங்காளிகளைத் திரட்டி பங்களாதேஷ் அவசர நல உதவிக்கான அமைப்பைத் தொடங்கினார். நிதி திரட்டினார், அமெரிக்காவின் பொதுக்கருத்தைத் தம் மக்கள் பக்கம் திருப்பப் பாடுபட்டார். குடியுரிமை மாறி நான்காண்டு ஆகியிருந்தது. தேசத்தின் பெயர் அதற்குள் இரண்டாவது முறை மாறிக்கொண்டிருந்தது: பிறந்தபோது பிரிட்டிஷ் இந்தியா, படிக்கும்போது பாகிஸ்தான், இப்போது பங்களாதேஷ். ஊரும் பாஷையும் மாறவில்லை. 1999-ல் பங்களாதேஷ் அரசு தன் உயரிய சுதந்திர தின விருதை அவர் மறைவுக்குப் பின் அளித்தது.

கடைசிக் காலப் பெரிய வேலைகளில் ஒன்று உயரத்தைப் பற்றியதே இல்லை. ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம், 1981. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் இலட்சக்கணக்கான யாத்திரிகர்கள் வந்து இறங்கி, மக்காவுக்குப் போகக் காத்திருக்கும் இடம். சுவர் எழுப்பிக் குளிரூட்டினால் செலவுக்கு எல்லை இருக்காது. கானும் கட்டடக் கலைஞர் கார்டன் பன்ஷாஃப்டும் சேர்ந்து கூடாரம் போட்டார்கள். டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி, எஃகுக் கம்பங்களில் கம்பிவடங்களால் இழுத்துக் கட்டியது. ஒவ்வொரு கூடாரமும் 45 மீட்டர் சதுரம், மொத்தம் 210. பக்கவாட்டில் சுவர் இல்லாததால் காற்று தாராளமாக வரும். சூடேறிய காற்று துணியின் உச்சித் துளை வழியே வெளியேறும். துணி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பி, மெல்லிய வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். காற்றை எதிரியாக வைத்துக் கணக்குப் போட்டு வாழ்ந்தவர், இங்கே அதே காற்றைத் தோழனாக உள்ளே அழைத்திருக்கிறார். 1983-ல் இதற்கு ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது. அதைப் பார்க்கக் கான் இல்லை. 1982 மார்ச் 27 அன்று அதே ஜித்தாவில் மாரடைப்பால் இறந்தார். 53 வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. சிகாகோவின் கிரேஸ்லேண்ட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வடிவமைத்து, இறந்த பிறகு 1986-ல் முடிந்த ஆன்டெரி சென்டரையும் சொல்லியாக வேண்டும். ஹான்காக்கில் எஃகில் போட்ட அதே பெருக்கல் குறியை இதில் கான்கிரீட்டில் போட்டிருக்கிறார்கள். எப்படி? நெருக்கமான தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் இடையே சதுரச் சதுரமாக ஜன்னல்கள். மாடிக்கு மாடி ஒவ்வொரு ஜன்னலாகத் தள்ளி, மூலைவிட்ட வரிசையில் சில ஜன்னல்களைக் கான்கிரீட்டால் நிரப்பிவிட்டார்கள். தனியாகச் சட்டம் எதுவும் இல்லை. அடைபட்ட ஜன்னல்களே சேர்ந்து சட்டமாகின்றன. கையிலிருக்கும் பொருளை வைத்தே விடையை எழுதும் இந்தச் சிக்கனம்தான் அவருடைய கையெழுத்து.

மகள் யாஸ்மின் சபீனா கான் கட்டமைப்புப் பொறியாளரானார். தந்தையின் பணியைப் பற்றி அவர் எழுதிய நூல் 2004-ல் வெளிவந்தது. அப்பாவைப் பற்றி மகள் எழுதினால் பாசம்தான் முன்னால் வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்போம். இந்த நூலில் ஒவ்வொரு கட்டடமும் எந்தக் கேள்வியிலிருந்து எப்படி வந்தது என்பது பொறியாளரின் நிதானத்தோடு விளக்கப்படுகிறது. தாத்தா கணிதப் பாடநூல் எழுதினார், அப்பா வகுப்பெடுத்தார், பேத்தி அப்பாவின் கணக்கைப் பிறர் படிக்கும்படி எழுதி வைத்தார். மூன்று தலைமுறை, இரண்டு கண்டங்கள். தெரிந்ததை அடுத்தவருக்குப் புரியவைக்கும் ஒரே வேலை.

யாஸ்மினின் அடுத்த நூல் 2010-ல் வந்தது. நியூயார்க் துறைமுகத்தின் சுதந்திர தேவி சிலை உருவான கதை அது. வந்து இறங்கிய எத்தனையோ குடியேறிகளை எதிர்கொண்ட சிலை. வெளியே மெல்லிய செப்புத் தகடு, உள்ளே கஸ்டாவ் ஐஃபெல் அமைத்த இரும்புச் சட்டம். கடற்காற்று தகட்டைத் தள்ளும்போது அந்தத் தள்ளலை வாங்கிக்கொண்டு நிற்பது அந்தச் சட்டம்தான். குடியேறிய இருவரின் மகள், அதுவும் கானின் மகள், எழுத எடுத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை.